தொலைவுமானிக் காமிராவும் அதன் அன்பர்களும்

பொத்தானை அழுத்தியதும் படத்தைக் காட்டும் கருவிகள் மலிந்துவிட்ட இந்நாளில், அரை நூற்றாண்டுக்கு முந்திய காமிரா ஒன்றைத் தேடி வாங்கி, பழுது பார்த்து, பிலிம் சுருளிட்டுப் படம் எடுப்போர் உலகெங்கும் இருக்கின்றனர். அவர்களுட் பலர் நாடுவது தொலைவுமானி பொருத்திய காமிராவையே. இப்பற்று வெறும் பழமை மோகந்தானா, அன்றி அதற்குத் தக்க காரணம் உண்டா என்பதை ஆராய்வோம்.

நம் இரு கண்களும் ஒரே பொருளைச் சிறிது வேறுபட்ட கோணங்களிலிருந்து காண்கின்றன. அவ்வேறுபாட்டைக் கொண்டே அருகு எது, தொலைவு எது என நாம் உணர்கிறோம். தொலைவுமானியும் இம்முறையிலேயே இயங்குகிறது. காமிராவின் முகப்பில் இடைவெளி விட்டு இரு சாளரங்கள் உள்ளன. ஒன்றன் வழியே வரும் தோற்றம் நேரே கண்ணை எட்டுகிறது. மற்றொன்றன் வழியே வருவது உள்ளிருக்கும் கண்ணாடியிற் பட்டு, முன்னதன்மேல் விழுகிறது. பொருள் இரட்டையாகத் தெரியும். லென்ஸின் வளையத்தைத் திருப்பத் திருப்ப இரு தோற்றங்களும் நெருங்கிவரும். அவை ஒன்றிய கணத்தில் பொருளின் தொலைவுக்கேற்ப லென்ஸ் அமைந்துவிட்டது என்பது பொருள்.

ஜெர்மனியின் வெட்ஸ்லார் நகரில் ஆஸ்கர் பர்னாக் என்பார் திரைப்படச் சுருளைப் பயன்படுத்தும் சிறு காமிரா ஒன்றை அமைத்தார். லைக்கா எனப்பட்ட அது 1925இல் லைப்சிக் சந்தையில் அறிமுகமாயிற்று. 1932இல் லென்ஸோடு இணைந்த தொலைவுமானி அதிற் சேர்ந்தது. முந்தைய லைக்காக்களில் கண் தனித்தனியே நோக்கிய இரு வேலைகளை, அதாவது தொலைவு காண்பதையும் காட்சியை வரையறுப்பதையும், 1954இல் வந்த லைக்கா எம்3 ஒரே சாளரத்தில் அடக்கித் தந்தது.

பின்னர்ப் பெருவழக்குப் பெற்ற மற்றொரு வகைக் காமிராவில், லென்ஸ் காணும் காட்சியை ஒரு கண்ணாடி நம் கண்ணுக்குத் திருப்பிவிடுகிறது. படம் பதியும் கணத்தில் அக்கண்ணாடி மேலெழுவதால் காட்சி நொடிப்பொழுது மறையும், ஓசையும் எழும். தொலைவுமானிக் காமிராவில் அக்கண்ணாடி இல்லை. ஆதலின் ஓசை குறைவு, காட்சியும் மறைவதில்லை. மேலும், படத்தின் எல்லை ஓர் ஒளிக்கோட்டுச் சட்டமாகத் தெரிய, அதற்கு அப்பால் உள்ளதையும் பெரும்பாலும் காணலாம்.

இதன் பயனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். திருவனந்தபுரம் மாவட்டத்தில், அகத்தியர்கூடம் ஏறுவோர் புறப்படும் இடமாகிய போனக்காட்டில், தேயிலைத் தோட்டத்தை நம்பிக் குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் லயங்கள் உள்ளன. தொழிற்சாலையோ ஓய்ந்துவிட்டது. மங்கிய மாலையொளியில் லயத்து வாசலில் அமர்ந்திருக்கும் மூதாட்டி ஒருவரை ஒருவர் படமெடுக்க முனைகிறார் எனக் கொள்வோம். சேலைக் கரையோ, கதவின் விளிம்போ ஒன்று தெளிவாகத் தெரிந்தாற் போதும், தொலைவைக் கணித்துவிடலாம். சட்டத்துக்கு வெளியே ஓடிவரும் பேத்தியை அவர் முன்கூட்டியே காண்கிறார்; அவள் பாட்டியின் மடியை எட்டும் வரை காத்திருக்கிறார். சாளரம் காமிராவின் ஓரத்தில் இருப்பதால் அவர் முகமும் முற்றும் மறைவதில்லை. வாழ்வாதாரம் இழந்தோரை வேடிக்கைப் பொருளாக்காமல், அவர்கள் முகம் நோக்கி நிற்க அது இடந்தருகிறது.

இம்முறையில் தேர்ந்தவர் பிரெஞ்சுக் கலைஞர் ஆன்ரி கார்த்தியே பிரஸ்ஸோன். 1932 முதல் லைக்காவைக் கைக்கொண்ட அவர், பளபளப்புப் பிறர் கண்ணை ஈர்க்காதிருக்க அதன்மேல் கறுப்பு நாடா ஒட்டியதுண்டு. 1948 ஜனவரி 30இல், காந்தியடிகள் மறைவதற்குச் சற்று முன்னர் அவரைச் சந்தித்தார். 1950 ஏப்ரலில் திருவண்ணாமலையில் ரமண மகரிஷியின் இறுதி நாட்களைப் பதிவு செய்தார். துயருற்ற அடியார் சூழ்ந்திருக்கும் இடத்தில் பெருங்கருவியும் பேரொளி விளக்கும் எத்துணை இடையூறாயிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

குறைகளும் உண்டு. சாளரமும் லென்ஸும் வெவ்வேறிடத்தில் இருப்பதால், மிக அண்மையிலுள்ள பொருளின் எல்லை சற்றே பிசகும். தொலைநோக்கு லென்ஸுக்கு இக்கருவி ஏற்றதன்று. அகத்தியமலைப் பறவைகளைப் படமெடுப்போர் வேறு காமிராவையே நாட வேண்டும். நல்ல லைக்காவின் விலையோ எளியோர் கைக்கு எட்டாதது; எனினும் சோவியத் நாட்டு ஜோர்க்கியும் ஜப்பானிய யாஷிகாவும் இதே முறையைக் குறைந்த விலையில் பரப்பின.

பிலிமின் அளவுங்கூட ஒரு படிப்பினையே. வழக்கமான சுருளில் படங்கள் 36 மட்டுமே. உதகமண்டலத்தில் 1960இல் நிறுவப்பெற்ற இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தந்த 'இந்து' பிலிமைப் பயன்படுத்தியோர், ஒவ்வொரு படத்தையும் எண்ணி எண்ணி எடுத்ததை நினைவுகூர்வர். அந்நிறுவனம் இன்று இயங்கவில்லை. ஆயினும் அச்சிக்கனம் வளர்த்த பொறுமைக்குப் பயன் குன்றவில்லை.

ஆகவே இப்பற்றின் வேர் பழமையில் இல்லை. எதை, எப்பொழுது எடுப்பது என்னும் பொறுப்பை இக்கருவி மனிதனிடமே விட்டுவிடுகிறது. அயல் மாநிலங்களில் வாழும் நம்மவர், ஊர் செல்லுங்கால் கையில் எக்கருவி இருப்பினும், பெற்றோர் முகத்தை ஒரு நிமிடம் நின்று நோக்கிய பின்னரே பொத்தானை அழுத்துவாராயின், தொலைவுமானி கற்பிக்கும் பாடத்தை அவர்கள் கற்றுக்கொண்டவராவர்.