ஆஷுரா: கர்பலாவில் அணி மாறிய தளபதி ஹுர்

நபிகள் நாயகத்தின் பேரன் இமாம் ஹுசைன், கி.பி. 680-இல் இராக்கின் கர்பலாவில் கொல்லப்பட்ட நாள், முஹர்ரம் 10-ஆம் நாளான ஆஷுரா.

தந்தை முஆவியாவுக்குப் பின் ஆட்சிக்கு வந்த யஜீதைக் கலீஃபாவாக ஏற்க ஹுசைன் மறுத்தார். கூஃபா நகரத்தாரின் அழைப்பை ஏற்றுப் புறப்பட்ட அவரை, யஜீத் தரப்புத் தளபதி ஹுர் சுமார் 1,000 குதிரை வீரர்களுடன் வழிமறித்தார். தாகத்தால் தவித்த அப்படைக்கு ஹுசைன் தண்ணீர் வழங்கியதாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன. பின்னர், ஹுசைனின் முகாமுக்கே யூப்ரடீஸ் நதிநீர் தடுக்கப்பட்டது.

போர் நாளன்று காலையில் ஹுர் மன்னிப்புக் கோரி, சுமார் 72 பேரே இருந்த ஹுசைனின் அணியில் சேர்ந்தார். அன்றே களத்தில் உயிர்நீத்தார்.

ஆட்சியின் ஆணையா, மனசாட்சியா என்ற கேள்விக்கு அவர் அளித்த விடையாகவே, லக்னோ உள்ளிட்ட நகரங்களின் முஹர்ரம் கூட்டங்களில் இம்முடிவு இன்றும் எடுத்துரைக்கப்படுகிறது.