உறையும் இரத்தமும் உறையாத இரத்தமும்

காய் நறுக்கும்போது கத்தி விரலில் பட்டுவிடுகிறது. இரத்தம் கசிகிறது, சில நிமிஷங்களில் தானே நின்றுவிடுகிறது. நாம் அதைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் அந்தச் சில நிமிஷங்களில் நிகழும் வேலை சாமானியமானதன்று. இரத்தத்திலுள்ள புரதங்கள் ஒன்றையொன்று தூண்டி, முடிவில் மெல்லிய இழைகளாலான வலையொன்றைப் பின்னிக் காயத்தின் வாயை அடைக்கின்றன. வெளிக்காயத்தில் உயிரைக் காக்கும் இதே உறைதல், இரத்தக் குழாயின் உள்ளே நிகழுமானால் உயிருக்கே உலையாகிவிடும். உறைந்த கட்டி மூளைக்குச் சென்றால் பக்கவாதம். நுரையீரலுக்குச் சென்றால் மூச்சுக்கே ஆபத்து. இதைத் தடுக்கும் மருந்தைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

இரத்தத்தை நீர்க்கச் செய்யும் மருந்து என்று இதனை வழக்கமாகச் சொல்கிறோம். பெயர் அவ்வளவு பொருத்தமன்று. பாலில் நீர் கலப்பதுபோல் இம்மருந்து இரத்தத்தை நீர்க்கச் செய்வதில்லை. உறைவதற்கு ஆகும் நேரத்தை நீட்டுகிறது, அவ்வளவே.

இம்மருந்து பிறந்த கதை வியப்புக்குரியது. 1920ஆம் ஆண்டுகளில் வட அமெரிக்காவில், நன்கு உலராது கெட்டுப்போன ஸ்வீட் குளோவர் என்னும் தீவனத்தைத் தின்ற மாடுகள், இரத்தப் பெருக்கால் மடிந்தன. 1933ஆம் ஆண்டு பிப்ரவரியில், பனிப்புயலினூடே ஒரு குடியானவர் ஏறத்தாழ 300 கிலோமீட்டர் வண்டி ஓட்டி, விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். செத்துப்போன ஒரு கிடேரி, கெட்ட வைக்கோல், ஒரு பால் பாத்திரம் நிறைய உறையாத இரத்தம் ஆகியவை அவரோடு வந்தன. அங்கே அவர் கண்டது கார்ல் பால் லிங்க் என்னும் இரசாயன அறிஞரை. லிங்க்கின் குழுவினர் ஆறாண்டுகள் உழைத்து, 1939இல் அத்தீவனத்திலிருந்த நச்சுப் பொருளைப் பிரித்தெடுத்தனர். அதன் வழியில் உருவான வார்ஃபரின், 1948இல் எலி மருந்தாக விற்பனைக்கு வந்து, 1954இல் மனிதருக்கு மருந்தாயிற்று. நஞ்சுக்கும் மருந்துக்கும் இடையே இருப்பது அளவு ஒன்றே என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

இது வேலை செய்யும் விதம் என்ன? உறைதலுக்கு வேண்டிய புரதங்களுள் நான்கினைக் கல்லீரல் ஆக்குவதற்கு வைட்டமின் கே தேவை. ஒருமுறை பயன்பட்ட அந்த வைட்டமினை உடல் புதுப்பித்து மீண்டும் பயன்படுத்துகிறது. வார்ஃபரின் அந்தப் புதுப்பித்தலைத் தடுக்கிறது. முன்பே இரத்தத்தில் உள்ள புரதங்கள் தீர்ந்த பிறகே பலன் முழுமையாகத் தெரியும். அதற்குச் சில நாட்கள் ஆகும். ஆகவே, நேற்றுண்ட மாத்திரையின் விளைவை இன்று எடைபோட முடியாது. ஐ.என்.ஆர். என்னும் இரத்தப் பரிசோதனையே வழிகாட்டி. மருந்து உண்ணாதவருக்கு அது ஏறக்குறைய 1. உண்பவர் பலருக்கு 2 முதல் 3 வரை இருக்கவேண்டும். உலோக வால்வு பொருத்தியோர் சிலருக்கு இன்னும் சற்று மிகுதியாக வேண்டும்.

என் தமக்கைக்கு இளமையில் வந்த தொண்டைப் புண் கவனிப்பாரின்றி ருமாட்டிக் காய்ச்சலாக முற்றி, இதய வால்வைக் கெடுத்தது. உலோக வால்வு பொருத்தினார்கள். நாள்தோறும் மாலையில் மாத்திரை உண்டு நலமாகவே இருந்தார். நான் கல்லூரியில் படித்த காலம். ஒருநாள் முழங்கால் வலிக்கிறது என்றார். கடைக்குச் சென்று வலி நிவாரண மாத்திரை வாங்கி வந்து கொடுத்தவன் நானே. கடைக்காரர் ஒன்றும் கேட்கவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை. நான்காம் நாள் மலம் தார்போல் கறுத்தது. அக்கா மயங்கி விழுந்தார். வலி மாத்திரை இரைப்பையைப் புண்ணாக்க, உறையாத இரத்தம் அங்கே கசிந்துகொண்டிருந்தது. மருத்துவர்கள் காப்பாற்றினார்கள். என் அன்பே அவரைக் கொல்லப் பார்த்தது என்பதை நான் இன்றும் மறக்கவில்லை.

மாணவ நண்பர்களே, உங்கள் வீட்டிலும் இம்மருந்தை உண்ணும் பெரியவர் இருக்கலாம். நாள்தோறும் ஒரே வேளையில் உண்ணச் செய்யுங்கள். மறந்தது அன்றே நினைவுக்கு வந்தால் உண்ணலாம். மறுநாள் இரட்டிப்பாக உண்ணலாகாது. கீரையில் வைட்டமின் கே மிகுதி. அதற்காகக் கீரையை விலக்க வேண்டியதில்லை. ஒரு வாரம் கூடை கூடையாகவும் மறுவாரம் அறவே இல்லாமலும் உண்பதே தவறு. மருத்துவரைக் கேளாமல் வலி மாத்திரையோ நாட்டு மருந்தோ சேர்க்கலாகாது. பல் பிடுங்குமுன் பல் வைத்தியரிடம் சொல்லவேண்டும். மருந்தைத் தாமாக நிறுத்துவதும் கூடாது. கருவுற நினைக்கும் பெண்கள் முன்னதாகவே மருத்துவரைக் காணவேண்டும். வார்ஃபரின் கருவைப் பாதிக்கும். ஈறில் நில்லாத இரத்தம், சிவந்த சிறுநீர், கறுத்த மலம், தலையில் அடி, கடுந்தலைவலி ஆகியவற்றுள் எது நேர்ந்தாலும் காத்திராமல் மருத்துவமனைக்கு விரையுங்கள்.

2008ஆம் ஆண்டு முதல் டாபிகாட்ரான் போன்ற புதிய மருந்துகள் வந்துள்ளன. அவற்றுக்கு அடிக்கடி ஐ.என்.ஆர். பார்க்கவேண்டியதில்லை. ஆனால் உலோக வால்வு உடையோருக்கு அவை ஆகா. ஒருவேளை தவறினாலும் காப்பு விரைவில் குறைந்துவிடும்.

என் தமக்கை இன்றும் ஒரு சிறு குறிப்பேடு வைத்திருக்கிறார். மாத்திரையின் அளவும், பரிசோதனை எண்ணும், அடுத்த தேதியும் அதில் உண்டு. இப்போது கடைக்குப் போகும்போதெல்லாம் அந்தக் குறிப்பேட்டை முதலில் எடுத்து நீட்டுவது என் வழக்கம்.