தடை வேறு, விரயத்தைக் குறைப்பது வேறு

மாத்தளை மாவட்டத்தில் கலேவெல, தம்புள்ளைப் பக்கம் மரக்கறியும் பெரிய வெங்காயமும் செய்கிறவர்களிடம் நைதரசனைப் பற்றிப் பேச்செடுத்தால், "என்ன சேர், திரும்பவும் பசளைய நிப்பாட்டப் போறாங்களா?" என்றே என்னிடம் கேட்கிறார்கள். அந்தப் பயம் நியாயமானது. 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டது. நவம்பரில் தடை நீங்கியும், அந்தப் பெரும்போக நெல் விளைச்சல் வெகுவாக வீழ்ந்தது. ஆனால், உலக நாடுகள் கூடிப் பேசியது தடையைப் பற்றியல்ல.

50 கிலோ யூரியா மூட்டையில் 23 கிலோ நைதரசன் உண்டு. அதில் ஏறத்தாழப் பாதிதான் பயிருக்குச் சேர்கிறது. மீதி நீரோடும் காற்றோடும் போய்விடுகிறது. மண்ணிலுள்ள பற்றீரியாக்கள் அதில் சிறு பங்கை நைதரசு ஒட்சைட்டாக மாற்றுகின்றன. மேட்டுநிலப் பயிரில் இடப்பட்ட நைதரசனில் சுமார் 1 சதவீதம் இப்படி வெளியேறுவதாகக் கணக்கிடுகிறார்கள். அற்பம்தானே என்று தோன்றும். ஆனால் இவ்வாயு, எடைக்கு எடை, காபனீரொட்சைட்டைவிட 273 மடங்கு பூமியைச் சூடாக்கும். ஒரு மூட்டையிலிருந்து கிளம்புவது ஏறக்குறைய 100 கிலோ காபனீரொட்சைட்டுக்குச் சமம். ஓசோன் படையையும் இது அரிக்கிறது. இருந்தும், ஓசோனைக் காக்க 1987இல் உருவான மொன்றியல் உடன்படிக்கை இதைக் கட்டுப்படுத்தவில்லை.

அந்த இடைவெளியை நிரப்பும் முயற்சிகளில் ஒன்று நம் தலைநகரில் பிறந்தது. 2019 ஒக்டோபர் 24இல், ஐ.நா. சூழல் நிகழ்ச்சித்திட்டத்தின் ஆதரவோடு வெளியான கொழும்புப் பிரகடனம், நைதரசன் விரயத்தை 2030க்குள் பாதியாக்கும் இலட்சியத்தை முன்வைத்தது. 2022 மார்ச்சில் நைரோபியில் இலங்கை முன்வைத்து நிறைவேறிய தீர்மானத்திலோ 'பாதி' என்ற அளவு இல்லை. 'கணிசமாக' என்ற சொல்லே நின்றது. எந்த நாட்டையும் சட்டத்தால் கட்டும் வலுவும் அதற்கில்லை.

பாதியாக்குவது பசளையை அல்ல, விரயத்தை. ஒரே தடவையில் கொட்டாமல் பயிர் கேட்கும் வேளையில் பிரித்திடுவது, இலை நிற அட்டையைப் பார்த்து யூரியா இடுவது, மண்ணைப் பரிசோதித்து அளவிடுவது, சாணத்தையும் கூட்டெருவையும் கணக்கில் சேர்ப்பது — இவையே வழி. விளைச்சல் குறையாது, பசளைச் செலவு குறையும்.

ஒரே இரவில் வந்த தடையால் அடிபட்டவர்களுக்கு இன்னொரு கட்டளை உதவாது. மண் பரிசோதனையும் ஆலோசனையும் கமநல சேவை நிலையத்தில் கைக்கெட்டும்படி கிடைத்தால்தான், கொழும்பில் எழுதியது வயலில் விளையும்.