பேர் விழாத நாள்

இலங்கையின் பூனாகலை மலைத் தேயிலைத் தோட்டங்களில் ஒரு நாள் வேலைக்குரிய சம்பளத்துக்குப் ‘பேர்’ என்று பெயர். காலையில் பிரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்குப் போய், மலையேறி, நிறுவையில் கொழுந்து குறையாமல் இருந்தால் பேர் விழும், குறைந்தால் அரைப்பேர். பண்டாரவளைக்கோ தியத்தலாவைக்கோ கிளினிக் போகும் நாளில் அதுவும் இல்லை. சீனி வியாதிக்கு மருந்தெடுக்கும் ஒரு பெண்ணிடம் அரசாங்க ஆஸ்பத்திரியில் யாரும் காசு கேட்பதில்லை. கிளினிக் கொப்பியை நீட்டினால் ஒரு மாதத்து வில்லைகள் கைக்கு வரும். செலவெல்லாம் ஆஸ்பத்திரிக்கு வெளியே: பஸ் காசு, கடையில் ஒரு பிளேன்டீ, விழாமல் போன பேர். 2024இல் நிர்ணயித்த அடிப்படை நாட்சம்பளப்படி அந்தப் பேரின் பெறுமதி அப்போது 1,350 ரூபாயாக இருந்தது.

காசு கேட்காததற்குக் காரணம் 1951இல் இருக்கிறது. அந்த ஆண்டு இலங்கை, அரச மருத்துவத்துக்கான கட்டணங்களை நீக்கியது. ஜெர்மனி 1883 முதலே தொழிலாளியிடமும் முதலாளியிடமும் சந்தா பிடித்து நோய்க் காப்புறுதி நடத்தியது. இந்தியா 1948இல் தொழிலாளர் அரசு ஈட்டுறுதிச் சட்டம் கொண்டுவந்தது. தமிழ்நாட்டில் 2009 முதல் ஏழைக் குடும்பங்களுக்கான காப்பீட்டுப் பிரீமியத்தை அரசே கட்டுகிறது. இலங்கை இந்த வழிகளில் போகவில்லை. வரிப் பணத்தில் ஆஸ்பத்திரிகளை நடத்தியது. ஆனாலும் தத்துவம் ஒன்றுதான்: சுகமாயிருப்பவர் கட்டுவதில் நோயாளி பிழைக்கிறார். பிரீமியம் இங்கே ரசீதில்லாமல் போகிறது. லயத்துக் கடையில் சவர்க்காரம் வாங்குகையிலும், போனுக்கு ரீலோட் போடுகையிலும் வற் வரி சேர்ந்தே போகிறது. தோட்டத்துச் சனங்கள் இலவசமாகச் சாப்பிடுகிறார்கள் என்று பேசுவோர் இதைக் கணக்கில் எடுப்பதில்லை.

தோட்டங்களின் கதை நாட்டின் கதையோடு சேர்ந்து நடக்கவில்லை. 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் சட்டம் நோயாளியைக் கவனிக்கும் பொறுப்பைத் தோட்டத் துரையின் தலையில் வைத்தது. பிள்ளை பெற்றவளுக்கு ஒரு மாதம் சாப்பாடும் தங்குமிடமும் கொடுக்க வேண்டும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பராமரிப்பு கிடைக்கச் செய்ய வேண்டும். காலத்துக்கு மிஞ்சிய சட்டம்தான். ஆனால், வேலை வாங்குபவரே வைத்தியச் செலவையும் பார்ப்பதென்றால், தேயிலை விலை விழுந்தால் மருந்தலமாரியும் காலியாகும். தோட்டத்து டிஸ்பென்சரியில் இருந்தவர் பெரும்பாலும் பட்டம் பெற்ற டாக்டர் அல்லர், தோட்ட வைத்திய உதவியாளர். சனங்களுக்கு அவரே ‘டாக்டரையா’.

1951இல் இலவச மருத்துவம் வந்தபோது இம்மக்களில் பெரும்பாலோர் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக இருந்தார்கள். பொதுப் பணம் தோட்ட எல்லையில் தயங்கி நின்ற கதை பிறகும் தொடர்ந்தது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் ஒரு பிரிவு தோட்டங்களுக்குள் சபை நிதியைத் தாராளமாகச் செலவிட விடவில்லை. அந்தப் பிரிவு திருத்தப்பட்டது 2018இல்தான். 1990களில் அரசு சில தோட்ட ஆஸ்பத்திரிகளைப் பொறுப்பேற்கத் தொடங்கியது, எல்லாவற்றையும் அல்ல.

விளைவு குழந்தைகளின் உயரத்தில் தெரிகிறது. 2016ஆம் ஆண்டு நாடளாவிய கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்குட்பட்டோரில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாட்டில் 17 சதவீதம். தோட்டங்களில் கிட்டத்தட்ட 32. இதை ஆஸ்பத்திரிக் கட்டிடம் மட்டும் மாற்றாது. கர்ப்பிணியைத் தேடி லயத்துக்கு வரும் அரச மருத்துவமாதுவும், பிள்ளைக்காம்பராவில் கிடைக்கும் சத்துணவும், கக்கூஸும் குடிதண்ணீரும் வேண்டும். இவை எதையும் தனியார் காப்புறுதிப் பத்திரம் வாங்கித் தராது.

வரிப்பணமும் வற்றும். 2022 டாலர் நெருக்கடியில், இறக்குமதியையே நம்பியிருந்த மருந்துகளுக்குத் தட்டுப்பாடு வர, பேராதனை ஆஸ்பத்திரி அவசரமில்லாத சத்திரசிகிச்சைகளை நிறுத்தியது. நாடெங்கும் நோயாளிகளிடம் துண்டு எழுதிக் கொடுத்து வெளியே வாங்கச் சொன்னார்கள். வசதியுள்ளவர் பாமசிக்குப் போனார். பேரை நம்பிப் பிழைப்பவர் இருக்கும் வில்லையைப் பாதியாக உடைப்பார், அல்லது நகையை அடகு வைப்பார். சாதாரண காலத்திலும் நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் ஏறத்தாழப் பாதி மக்களின் சொந்தக் கையிலிருந்தே போகிறது.

சம்பளத்தோடு ஒட்டிய பாதுகாப்பும் கொஞ்சம் உண்டு. தொழில்தருநர் மாதந்தோறும் 3 சதவீதம் கட்டும் ஊழியர் நம்பிக்கை நிதியில் இதய சத்திரசிகிச்சைக்கும் கண் வில்லை பொருத்துவதற்கும் உதவித்தொகை இருக்கிறது. ஆனால் தோட்டத்தை விட்டுக் கொழும்பில் வீட்டு வேலைக்கும் கடை வேலைக்கும் போகும் இளையவர்களுக்குப் பலவேளை அந்த நிதியே கட்டப்படுவதில்லை. படிவம் நிரப்பிக் கேட்க வேண்டிய உதவி, கேட்கத் தெரிந்தவருக்கே போய்ச் சேரும். அரசாங்க ஆஸ்பத்திரி வாசலில் படிவம் இல்லை.

2016இல் இந்திய நன்கொடையுடன் தொடங்கிப் பின் தீவெங்கும் விரிந்த ‘1990’ என்ற இலக்கத்து அம்புலன்ஸ் சேவை, படிவமில்லாத உதவிக்கு நல்ல சாட்சி. முன்பு பிரசவ வலி கண்டவளைக் கொழுந்து லொறியில் ஏற்றினார்கள். இப்போது போனில் நாலு இலக்கம் அழுத்தினால் வண்டி வரும், கட்டணமில்லை. கிளினிக்கும் அப்படித் தோட்டத்துக்கு வந்தால், மாதத்து வில்லையை வேலை முடிந்து இறங்கும் வழியில் வாங்கிக்கொள்ளலாம். அன்றைய பேரும் விழும்.