ஊர்ப் பெயரால் விலைபோகும் மடக்குக் கத்தி

ஒரு சரக்கு பிறந்த ஊரின் பெயரே அதற்கு முத்திரையாகி விடுவது வணிகத்தில் புதிதல்ல. அந்தப் பெயருக்கு என்ன மதிப்பு, என்ன ஆபத்து என்பதை இத்தாலி நாட்டுச் சார்டினியா தீவின் மடக்குக் கத்தியைக் கொண்டு பார்ப்போம்.

சார்டினியா மத்தியதரைக் கடலில் சிசிலிக்கு அடுத்த பெரிய தீவு. சுமார் 30 லட்சம் செம்மறி ஆடுகள் அங்கே மேய்கின்றன. ரொட்டியும் பாலாடைக்கட்டியும் நறுக்க, கயிறு அறுக்க, தோல் உரிக்க, குச்சி சீவ என்று எல்லாவற்றுக்கும் மேய்ப்பரின் பையில் ஒரே கத்திதான். அதை ‘ரெசோல்சா’ என்பார்கள்.

ஊருக்கு ஊர் வடிவம் வேறு. வடபகுதியிலுள்ள பட்டாடா ஊர்க் கத்தியின் அலகு, அங்கே புதராக வளரும் மிர்ட்டில் செடியின் இலைபோல் நீண்டு, நுனி கூர்ந்திருக்கும். தென்மேற்கிலுள்ள ஆர்புஸ் ஊர்க் கத்தி வயிறு அகன்றது. தோல் உரிக்க ஏற்றது. பக்கத்து ஊரான குஸ்பினியின் கத்திக்கு நுனியே கிடையாது. 1908-ல் இத்தாலிய அரசு கூர்முனைக் கத்தி எடுத்துச் செல்வதைக் கட்டுப்படுத்தியது. சட்டத்துக்கு உட்பட்டுப் பிழைக்கவே நுனியை வெட்டினார்கள் என்பது அங்குள்ள வழக்கு.

பிடி பெரும்பாலும் செம்மறிக் கிடாவின் கொம்பு. வளைந்த கொம்பை உலர்த்தி, சூடுகாட்டி அழுத்தி நிமிர்த்திய பிறகே இழைப்பார்கள். மரபான கத்தியில் வில்லும் இல்லை, பூட்டும் இல்லை. ஆணியின் இறுக்கமே அலகை நிறுத்தும். இவை ஒவ்வொன்றாகக் கையால் செய்யப்படுவதால்தான் விலை கூடுகிறது.

ஆபத்தும் இங்கேதான். அதே இலை வடிவில் இயந்திரத்தில் அடித்த மலிவுக் கத்திகள் சுற்றுலாக் கடைகளில் ‘பட்டாடா’ என்ற பெயரிலேயே விற்கப்படுகின்றன. பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தால் வாங்குபவர் விலையைத்தான் பார்ப்பார். பட்டறைக்காரர் உழைத்துச் சேர்த்த பெயரில் பிறர் லாபம் பார்க்கிறார்கள்.

இதே மேய்ப்பர்களின் ஆட்டுப்பாலில் செய்யும் ‘பெக்கோரினோ சார்டோ’ பாலாடைக்கட்டிக்கு 1996-லேயே ஐரோப்பிய அளவில் பெயர்ப் பாதுகாப்பு கிடைத்துவிட்டது. அதை நறுக்கும் கத்திக்கு அவ்வாறு கேட்க வழியில்லாமல் இருந்தது. உணவுக்கும் மதுவுக்கும் மட்டுமே அந்த ஏற்பாடு இருந்தது. கைத்தொழில் பொருள்களுக்கும் அதை விரிவாக்கி ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் சட்டம் இயற்றி, 2025 டிசம்பர் 1 முதல் நடைமுறை என்று நாள் குறித்தது.

சட்டம் வழிதான் காட்டும்; பெயரைக் காப்பது கடைக்காரர் கையில் இருக்கிறது. வெளியூரில் செய்த கத்தியைப் ‘பட்டாடா கத்தி’ என்று விற்றால் வாங்கியவருக்கும் நஷ்டம், செய்தவருக்கும் நஷ்டம். எந்தச் சரக்கானாலும், எங்கே, யார், எதில் செய்தது என்று மூன்றையும் கேட்டறிந்து கொள்முதல் செய்வோம். கேட்டதை மறைக்காமல் சொல்லி விற்போம்.