மாலைக்கண்ணும் மரபணுவும்



மாத்தளை மலைச்சாரலில் பொழுது சாய்ந்ததும் இருள் விரைந்து கவிந்துவிடும். நான் இளம் ஆசிரியனாக இருந்த நாளில், தோட்டத்துப் பிள்ளை ஒருவன் மாலை வகுப்பு முடிந்து திரும்புகையில் படிக்கட்டில் அடிக்கடி தடுக்கி விழுவான். கவனமின்றி நடக்கிறான் என்று அவனைக் கடிந்துகொண்டேன். பின்னர் ஒருநாள் அவன் தாயார் வந்து, மூத்தவனுக்கும் அவ்வாறே என்றும், தாமும் கணவரும் மாமன் மகளும் அத்தை மகனும் என்றும் கூறினார். கவனக்குறைவு என்னுடையதே என்பதை அன்று உணர்ந்தேன்.

மாலைக்கண்ணுக்குக் காரணம் ஒன்றன்று. விற்றமின் ஏ குறைவினால் வருவது மருந்தாலும், கீரை, பப்பாசி போன்ற உணவாலும் பெரும்பாலும் நீங்கும். மற்றொன்று பரம்பரையாக வருவது. விழித்திரையில் மங்கிய ஒளியை உணரும் கோற்கலங்கள் சிறிது சிறிதாக அழிய, முதலில் இரவுப் பார்வையும் பின்னர் பக்கப் பார்வையும் குறைந்து, உலகம் மூங்கிற் குழாயினூடே காண்பதுபோல் சுருங்கிவிடும்.

பெரும்பாலான மரபணுக்கள் நம்மிடம் இரண்டு பிரதிகளாக உள்ளன. ஒன்று தாய் தந்தது, மற்றது தந்தை தந்தது. இந்நோயின் பல வகைகளில், ஒரு பிரதி பழுதானாலும் மற்றது வேலையைச் செய்துவிடும். பழுதான பிரதி ஒவ்வொன்றைச் சுமக்கும் இருவர் மணந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. பாட்டன் பாட்டி ஒருவராகவே இருப்பதால், நெருங்கிய உறவினர் ஒரே பழுதைச் சுமக்கும் வாய்ப்பு அதிகம்.

அப்பழுதைக் கண்டறிவது எவ்வாறு? மனித மரபுரையில் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள் உள்ளன. அதனை வாசிக்கும் பெருமுயற்சி 2003ஆம் ஆண்டில் நிறைவுற்றதாக அறிவிக்கப்பட்டது. அந்த மூலப்படியோடு ஒருவருடைய மரபுரையை ஒப்பிட்டால், 40 முதல் 50 இலட்சம் இடங்களில் வேறுபாடு காணப்படும். அவற்றுள் நோய்க்குக் காரணமானது ஒன்றோ இரண்டோதான். ஆகவே கணினி, நெல்லைப் புடைப்பதுபோல் புடைக்கிறது. நலமுள்ளோரிடமும் பரவலாகக் காணப்படும் வேறுபாடுகளைத் தள்ளுகிறது. விழித்திரையில் தொழிற்படும் மரபணுக்களைக் கெடுப்பவற்றை வைத்துக்கொள்கிறது. எஞ்சியது குடும்பத்தில் நோயுற்றோரிடம் இரட்டையாகவும், பெற்றோரிடம் ஒற்றையாகவும் உள்ளதா என்று இறுதியில் நோக்குவர்.

இங்கே ஓர் இடர் உண்டு. உலகத் தரவுகளிற் பெரும்பகுதி ஐரோப்பிய வழியினருடையது. நம்மவரிடையே சாதாரணமான ஒரு வேறுபாடு, அங்கு இல்லாமையால் நோய்க்குக் காரணமென்று மயக்கக்கூடும். ஆதலால் நம் மக்களின் தரவு நமக்கு வேண்டும். 1976இல் வைத்தியர் கோவிந்தப்ப வெங்கடசாமி மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையும், 1978இல் சென்னையில் தோன்றிய சங்கர நேத்ராலயாவும் இத்துறையில் ஆராய்ந்து வருகின்றன.

பெயர் தெரிந்தால் பயன் என்ன என்று வினவலாம். ஆர்பிஈ65 என்னும் மரபணுவின் பழுது பிறவிக் குருட்டுக்குக் காரணமாவது 1997இல் அறியப்பட்டது. அதற்கான மரபணு மருத்துவத்துக்கு 2017இல் அமெரிக்கா அனுமதி வழங்கியது. அம்மருந்து அந்த ஒரு மரபணுவுக்கே உரியது. எது பழுது என்று அறியாதவர்க்கு அது பயன்படாது.

என் மாணவனின் காலத்தில் இவ்வசதிகள் இல்லை. இன்று உண்டு. இருட்டில் தடுமாறும் பிள்ளையைக் கண் வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். குடும்பத்தில் யாருக்கு இருந்தது என்பதை மறையாது கூறுங்கள். இது தாயின் குற்றமுமன்று, தந்தையின் குற்றமுமன்று. விழுந்த பிள்ளையைக் கடியுமுன், அவனுக்குக் கண் தெரிந்ததா என்று கேட்போமாக.