அந்தச் சாமானுக்கும் உறுதி உண்டோ?

உடம்பினுள் இரும்பைத் தாங்கி வாழ்வது வன்னி மக்களுக்குப் புதிதன்று. எறிகணைச் சிதறல் ஒன்றைத் தோளிலோ தொடையிலோ வைத்துக்கொண்டே வயலுக்குச் செல்வோரை முல்லைத்தீவிலும் கிளிநொச்சியிலும் இன்றும் காணலாம். அது கேளாமல் வந்த இரும்பு. நான் இங்கு எழுதப் புகுவது வேறோர் உலோகத்தைப் பற்றி; நோயாளி தாமே இசைந்து, வலி தீருமென்று நம்பி, வைத்தியர் கையால் ஏற்றுக்கொண்ட செயற்கை மூட்டைப் பற்றி. இச்சத்திரசிகிச்சை மிகப் பலருக்கு நடையை மீட்டுக் கொடுத்திருக்கிறது என்பதில் ஐயமில்லை. ஆனால், பொருத்திய பொருளே பழுதுள்ளதாயின் நோயாளி யாரிடம் முறையிடுவது? எதைக் கொண்டு முறையிடுவது?

உலகறிந்த வழக்கொன்று உண்டு. ஜோன்சன் அன்ட் ஜோன்சன் குழுமத்தைச் சேர்ந்த டெபியூ என்னும் கம்பனி, ஏ.எஸ்.ஆர். என்ற இடுப்பு மூட்டை விற்றது. அதில் பந்தும் உலோகம், கிண்ணமும் உலோகம். நடக்குந்தோறும் இரண்டும் உராய்ந்து, கோபால்ட், குரோமியம் ஆகியவற்றின் நுண்துகள்கள் சுற்றியுள்ள தசையிலும் குருதியிலும் கலந்தன. வீக்கமும் வலியும் கண்டு, மூட்டை எடுத்து வேறொன்று வைக்க வேண்டியதாயிற்று. அவுஸ்திரேலியாவில் 1999 முதல் மூட்டுமாற்றுக்கென ஒரு தேசியப் பதிவேடு உண்டு. எந்த வகை மூட்டு எத்தனை பேருக்கு மீண்டும் மாற்றப்பட்டது என்று எண்ணிவைப்பதே அதன் வேலை. இம்மூட்டின் குறையை முந்திக் காட்டியவற்றுள் அந்தப் பதிவேடும் ஒன்று. 2009 டிசம்பரில் அந்நாட்டிலும், 2010 ஓகஸ்டில் உலகெங்கணும் மூட்டு மீளப் பெறப்பட்டது. அதற்குள் ஏறத்தாழ 93,000 பேரின் இடுப்பில் அது ஏறிவிட்டிருந்தது. அமெரிக்காவில், 2013இல், ஏறத்தாழ 8,000 நோயாளிகளுக்காக 250 கோடி டொலர் அளவில் இணக்கம் காணப்பட்டது.

இந்தியாவில் நடந்ததுதான் என்னைக் கலங்கச் செய்வது. அங்கே ஏறத்தாழ 4,700 சத்திரசிகிச்சைகளில் இம்மூட்டு வைக்கப்பட்டது. மத்திய அரசு 2017இல் அமைத்த நிபுணர் குழு கணக்குப் பார்த்தபோது, சுமார் 3,600 பேர் எங்கே இருக்கிறார்கள் என்பதே தெரியவில்லை. வயதையும் இயலாமையின் அளவையும் கொண்டு இழப்பீடு கணிக்கும் முறையொன்று 2018இல் வகுக்கப்பட்டது. 2019 ஜனவரியில் இந்திய உச்ச நீதிமன்றம் அதனை ஏற்றது. உச்சத் தொகை ஒரு கோடியே இருபது இலட்சம் இந்திய ரூபாவைத் தாண்டுவது. பணம் வகுக்கப்பட்டது, பெறவேண்டியவரோ கிடைக்கவில்லை. தம் இடுப்பில் இருப்பது எந்த மூட்டு என்று அறியாமலே அவர்களிற் பலர் வலியோடு இருந்திருக்கலாம்.

நமது நாட்டுச் சட்டத்துக்கு வருவோம். உடலுக்கு விளைந்த தீங்குக்கு நட்டஈடு கேட்பது இங்கே உரோமன் டச்சுச் சட்டத்தின் வழியது. எதிராளியின் கவனயீனத்தையும், அதனாலேயே தீங்கு விளைந்தது என்பதையும் வழக்காளியே நிரூபிக்க வேண்டும். இது எத்துணைக் கடினம் என்பதற்குச் சான்று, பேராசிரியர் பிரியாணி சொய்சா மீது, 1992இல் மகளை இழந்த தந்தை தொடுத்த வழக்கு. மாவட்ட நீதிமன்றம் 50 இலட்சம் ரூபா வழங்கியது. 2001இல் உயர் நீதிமன்றமோ, மரணத்துக்குக் காரணம் அக்கவனயீனமே என்று காட்டப்படவில்லை எனத் தீர்த்தது. கவனயீனத்தை நிரூபிக்க வேண்டாத இங்கிலாந்துச் சட்டத்தின் கீழும், டெபியூவின் பின்னக்கிள் என்னும் வேறொரு மூட்டைப் பற்றி வழக்காடியோர் 2018இல் இலண்டனில் தோற்றனர். வழக்கு என்றவுடன் வெற்றி என்று எண்ணுவோர் இவ்விரண்டையும் நினைவிற் கொள்வது நன்று.

காலமும் ஒரு தடை. 1871ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச் சட்டம் இத்தகைய தீங்குக்கு வழக்குரிமை பிறந்ததிலிருந்து இரண்டே ஆண்டுகள் தருகின்றது. அரச வைத்தியசாலையின் செயலால் அடிப்படை உரிமை மீறப்பட்டதென உயர் நீதிமன்றம் செல்வதாயின் ஒரு மாதம். அம்மாதத்துள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால் அந்த விசாரணைக் காலம் கணக்கில் சேராது. மூட்டை நோயாளியே விலைக்கு வாங்கிக் கொடுத்திருந்தால் இன்னொரு வழியும் உண்டு: விற்ற பொருள் அதன் நோக்கத்துக்குத் தகுதியாயிருத்தல் வேண்டுமென 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் கூறுகின்றது. பற்றுச்சீட்டை எறிந்துவிட்டவருக்கு அது பயன்படுவது அரிது. மருத்துவ சாதனங்களைப் பதிவுசெய்யும் பொறுப்பு 2015ஆம் ஆண்டின் சட்டத்தால் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைக்கு உரியது. பழுதைப் பற்றி அங்கும் அறிவித்தல் வேண்டும். சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதியற்றோர் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

இத்தனை வாயில்களுக்கும் சாவி ஒரு துண்டுக் காகிதம். ஒவ்வொரு செயற்கை மூட்டின் பெட்டியினுள்ளும், செய்தோர் பெயரும் வகை இலக்கமும் தொகுதி இலக்கமும் அச்சிட்ட ஒட்டுச்சீட்டுகள் வருகின்றன. சத்திரசிகிச்சைக் கூடத்தில் அவற்றுள் ஒன்றை நோயாளியின் பதிவேட்டில் ஒட்டுவது முறை. இன்னொன்று நோயாளியின் கையிலும் இருக்கவேண்டும் என்பதே என் கட்சி.

என் அயலில் ஓர் அம்மா இருக்கிறார். வெளி மாவட்டமொன்றில் முழங்கால் மாற்றி வந்தவர். காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், கிளினிக் கொப்பி எல்லாம் ஒரே பொலித்தீன் பையில். 2009இல் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து காகிதத்தின் அருமையை அறிந்தவர்கள் அப்படித்தான் வைப்பார்கள். கொப்பியைப் புரட்டிப் பார்த்தேன். சத்திரசிகிச்சைத் திகதி இருந்தது. மூட்டின் பெயரோ இலக்கமோ இல்லை. விஷயத்தைச் சொன்னேன். "அந்தச் சாமானுக்கும் உறுதி இருக்கோ, தம்பி?" என்று கேட்டார். சட்டநூல் கற்றவர் கேட்டிருந்தாலும் இதனிலும் தெளிவாகக் கேட்டிருக்க மாட்டார்.

உறுதி இல்லாதோர் பெற வழியுண்டு. அரசாங்க வைத்தியசாலையாயின், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்படி அங்குள்ள தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே எழுதலாம். பெயர், சத்திரசிகிச்சைத் திகதி, வாட்டு, பொருத்திய மூட்டின் வகை இலக்கமும் தொகுதி இலக்கமும் தருமாறு ஒரு வேண்டுகோள். உயர்வகுப்பு மாணவர் ஒருவர் அரைமணி நேரத்தில் எழுதிக் கொடுத்துவிடலாம். தருவதா மறுப்பதா என்ற தீர்மானம் 14 வேலைநாட்களுள் எட்ட வேண்டும். மூட்டை மீண்டும் மாற்ற நேர்ந்தவர்களோ, கழற்றிய பழைய மூட்டை எறியாமல் பெயரிட்டு வைக்கும்படி சத்திரசிகிச்சைக்கு முன்னரே எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். நீதிமன்றத்தில் நிபுணர் கையிலெடுத்துப் பார்க்கக்கூடிய சாட்சி அது ஒன்றே.